மேல்கமா அண்ணன்

முதியோர் இல்லத்து லிஃப்டில் குழந்தைகள் குதிக்கக் கூடாது என்று எழுதியது லிஃப்ட் மெக்கானிக்கான அவர்தான். மறுக்க வழியில்லை. ரிப்போர்ட்டின் அடியில் அவர் பெயர் இருந்தது, கம்பெனி முத்திரை இருந்தது. நல்ல ஆங்கிலம். ஒரு புள்ளி, ஒரு கமாகூடக் குறை சொல்ல முடியாது. குழந்தைகள் உள்ளே நின்று குதிப்பதால்தான் லிஃப்ட் மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது, பெற்றோர்களிடம் கொஞ்சம் சொல்லிவைத்தால் நல்லது, மற்றபடி இப்போது ஜோராக ஓடுகிறது என்று அழகாக எழுதியிருந்தது.

இல்லத்தை நடத்தும் அம்மாள் ஆபீசுக்குப் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. தங்கள் இல்லத்தில் வயதில் சின்னவருக்கே எழுபத்தொன்று ஆகிறது, அவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாயிற்று, தான் குதிக்கவே இல்லை என்று சாதிக்கிறார், பெற்றோர்களுக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை என்றார்.

மேனேஜர் இதை அவரை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். சொல்லிமுடிப்பதற்குள் சிரிப்பு தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைவிடப் பத்து வயது சிறிய பெண்மணி. அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. எப்போதும் ரப்பர் வாசனை.

குழந்தைகள் வந்து தங்குகிற அந்தப் பெரிய ஓட்டலுக்கு எழுதியது இவர்களுக்குப் போய்விட்டது போலிருக்கிறது, ரெண்டு ரிப்போர்ட்டும் மாறிவிட்டது, அவ்வளவுதானே என்று மேனேஜரே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மாறவில்லை. ஓட்டலுக்கு எழுதியது ரெண்டு வருஷத்துக்கு முந்தியது. அதை எழுதியவரும் அவர் இல்லை.

எழுதியது அவர் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆங்கிலம் எதற்கு என்று அவர் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார். எண்ணெய் போடவும் கயிற்றைப் பார்க்கவும் எந்த மொழியும் வேண்டாம். ஆனால் கம்பெனிச் சட்டம் அப்படி: ஒவ்வொரு லிஃப்டையும் பார்த்த அன்றைக்கே, என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் போக வேண்டும். எல்லா மெக்கானிக்குகளும் ஏதோ தட்டி அனுப்பினார்கள். அவரும் அனுப்பினார். அவருக்கு அப்போது அபாஸ்ட்ரஃபி என்ற பெயர்கூடத் தெரியாது; எழுத்துக்கு மேலே தொங்குவதால் மேல்கமா என்பார். வார்த்தையின் கடைசியில் ‘ஸ்’ என்று சத்தம் வந்தால் போதும், அதற்கு முன்னால் ஒரு மேல்கமாவைப் போட்டுவிடுவார். சந்தேகம் வந்தால் இன்னொன்று. குழம்பில் உப்பு போதுமா என்று தெரியாதவர் செய்கிற வேலை.

ஒருநாள் அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“என்னங்க இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு?”

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். மகள் பிறந்தபோது வேலையை விட்டாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த வேலை திரும்பி வரவில்லை. அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்த நாற்காலி அவருக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவருக்குப் புரியவைக்க அவள் முயற்சி செய்யாமலும் இல்லை. ஒரு இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றினால் அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சிவப்பு அட்டை மாட்டுவோம், இங்கே ஒன்று கழற்றியிருக்கிறது, தெரியாமல் ஓட்டிவிடாதே என்று அடுத்தவனுக்குத் தெரியத்தான் என்றார். “அவ்வளவுதான் இது. ‘டு நாட்’ல ஒரு ‘ஓ’வைக் கழட்டிட்டு ‘டோன்ட்’னு எழுதறோம். கழட்டின எடத்துல அட்டை மாட்டறோம்” என்றாள். அவருக்கு அன்றைக்கு நன்றாகப் புரிந்தது. மறுநாள் எழுதும்போது அட்டையை வேறு எங்கேயோ மாட்டியிருந்தார்.

வேலைமுறை ஒன்று தானாக அமைந்தது. அவர் லிஃப்ட் குழியிலோ, மொட்டைமாடி மெஷின் ரூமிலோ வேலையை முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போடுவார். நடந்ததைத் தமிழில் சொல்வார். அவள் சும்மா கேட்டுக்கொள்ள மாட்டாள். சத்தம் கரகரவென்றா, கிறீச்சென்றா? கதவு பாதியில் நின்றதா, மூடித் திறந்ததா? யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்களா, எப்படி இருந்தார்கள்? சில நேரம் அவளுடைய கேள்விக்காகவே அவர் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் அங்கேதான் கோளாறு இருக்கும். அவர் வீடு வந்துசேர்வதற்குள் ரிப்போர்ட் போயிருக்கும்.

அவளுக்குச் சில கொள்கைகள் இருந்தன. கெட்ட சேதியைச் சுருக்கி எழுதக் கூடாது என்பாள். ‘கயிறு நன்றாக இல்லை’ என்பதை ‘இஸ் நாட்’ என்று முழுசாக எழுத வேண்டும். ‘இஸின்ட்’ என்று சுருக்கினால் ஏதோ சொல்லிவிட்டு ஓடுகிற மாதிரி இருக்குமாம். நல்ல சேதிக்குச் சுருக்கலாம். ‘இட்ஸ் ரன்னிங் வெல்’. நாலு வார்த்தையில் சொல்வதை மூணில் சொன்னால், சொல்கிறவனும் சந்தோஷமாக இருக்கிறான் என்று தெரியும். அவருக்கு அதெல்லாம் வக்கீல் ஆபீஸ் வம்பாகத் தோன்றியது. ஆனால் வாடிக்கையாளர்கள் பதில் போட ஆரம்பித்தார்கள். உங்கள் ரிப்போர்ட் தெளிவாக இருக்கிறது, நன்றி என்று. அதெல்லாம் ஆபீசுக்கு வந்தது. ஆபீசிலிருந்து அவருக்கு வந்தது.

மாதக் கூட்டத்தில் மேனேஜர் ஒரு ரிப்போர்ட்டை எழுந்து நின்று படித்தார். எங்கே அண்ணே கற்றுக்கொண்டீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வீட்டில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அத்தனை பேர் திரும்பிப் பார்த்த அந்த நேரத்தில், “ஏதோ படிக்கிற பழக்கம்தான் மேடம்” என்று வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்பி வாங்க முடியவில்லை. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த மாதம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கூட்டம் நடந்த அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னார். கூட்டத்தில் படித்தார்கள் என்றார். அவளுக்கு முகம் பூத்துவிட்டது. எந்த வரியைப் படிக்கும்போது சிரித்தார்கள், யார் சிரித்தது என்று குடைந்து குடைந்து கேட்டாள். எழுதியது நான்தான் என்று சொன்னீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாளோ, சொல்லவில்லை என்று தெரிந்தே விட்டாளோ, இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் மற்ற மெக்கானிக்குகள் தங்கள் ரிப்போர்ட்டைத் திருத்தித் தரச்சொல்லி அவரிடம் கொண்டுவந்தார்கள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ம்ம் என்று ஒரு பார்வை பார்த்து, “காலையில தரேன்” என்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் திருத்துவாள். காலையில் அவர் கொண்டுபோய்க் கொடுத்து, மேல்கமாவில் கவனமாக இருக்க வேண்டும் என்று புத்தியும் சொல்வார். கூட வேலை பார்க்கிற மொட்டைதான் ‘மேல்கமா’ என்று பெயர் வைத்தது. மொட்டை வாயில் எதுவும் பட்டப்பெயராகத்தான் வரும். கூட்டத்தில் யாராவது “மேல்கமா” என்று முணுமுணுத்தால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள், திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு போனிலேயே எழுதினாள். வேண்டாம் என்று அவர் சொன்னார்தான். ஒரே ஒருதரம் சொன்னார். அவள், நான் வேறே என்ன செய்யட்டும் இங்கே என்றாள். கடைசி வாரங்களில் ரிப்போர்ட்டுகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. எட்டு வரி ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. அப்போது ஒருநாள் மேனேஜர், “இப்பல்லாம் இன்னும் சுருக்கமா, நச்சுன்னு எழுதறீங்க அண்ணே” என்றார். அவர் சிரித்தார். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் அவருக்கு இப்போதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும்.

அவள் போன பிறகு விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தார். ரிப்போர்ட் அன்றைக்கே போக வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் எழுதியதெல்லாம் இருந்தது. ஓடாத பழைய லிஃப்டிலிருந்து பாகத்தைக் கழற்றி ஓடுகிற லிஃப்டில் மாட்டுவதுபோல, கதவுக் கோளாறுக்கு ஒரு வரி, கயிற்றுக்கு ஒரு வரி, முடிவுக்கு ஒரு வரி என்று அவளுடையதையே வெட்டி ஒட்டினார். ஆங்கிலத்தைப் படித்து அர்த்தம் பிடிக்க அவருக்கு வரும், தட்டுத்தடுமாறி. ஆனால் சில நாள் படிக்க முடிவதில்லை. அவள் எழுதிய வரியைப் படித்தால் அவள் குரல் கேட்டது. அந்த மாதிரி ஒரு நாளில்தான், லிஃப்ட் நடுவில் நின்றது என்ற வார்த்தைகளை மட்டும் பார்த்துவிட்டு, ஓட்டலுக்கு எழுதியதை அப்படியே தூக்கி முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்.

மேனேஜர் சிரித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் நீங்கள் விடுப்பில் இருந்திருக்க வேண்டும் என்றார். குரல் கனிந்துவிட்டது. பிறகு இன்னொரு விஷயமும் சொன்னார். ஆபீசில் உட்கார்ந்து எல்லா மெக்கானிக்குகளின் ரிப்போர்ட்டையும் பார்த்து அனுப்ப ஒரு சூப்பர்வைசர் வேண்டும். மேலிடத்தில் அவர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறது. முழங்காலும் தேய்ந்துபோய்க் கிடக்கிறது, இன்னும் எத்தனை நாள் குழியில் இறங்குவீர்கள்? சனிக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லியிருக்கிறேன், இந்த அபாஸ்ட்ரஃபி, சுருக்கி எழுதுவது, இதையெல்லாம் ஒரு வகுப்பாக எடுத்துவிடுங்கள், அன்றைக்கே அறிவித்துவிடலாம்.

அவருடைய முழங்காலுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. படி ஏறும்போது ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அதே நேரம் அந்த நாற்காலி யாருக்கு வந்தது என்றும் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்று சொன்னால், அவள் செத்த பிறகும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேதான் இருப்பார்.

“சரி மேடம்” என்றார்.

மச்சினனைத் தேடிக்கொண்டு போனார். அவளுடைய தம்பி. கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். அக்காவிடம் படித்தவன், ஏதாவது ஞாபகம் இருக்கும், வகுப்புக்குச் சொல்லித் தருவான் என்று ஒரு நப்பாசை. மச்சினன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குழாயை மூடினான். அக்காவின் மூளையில் கால்வாசி எனக்கு வந்திருந்தால் நான் ஏன் வண்டி கழுவிக்கொண்டிருக்கப் போகிறேன் என்றான். சூப்பர்வைசர் வேலை என்றதும் சந்தோஷப்பட்டான். பிறகு தன்பாட்டுக்குச் சிரித்தான்.

“அக்கா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பா அத்தான். எங்க ஆபீஸ், எங்க ஆபீஸ்னு எந்நேரமும் அதே பேச்சு. எங்க மேனேஜர் இன்னிக்கு என்னோட ரிப்போர்ட்டைப் படிச்சாங்க, எங்க ஆளுங்க இப்படி எழுதறாங்க, திருத்தித் திருத்திக் கை வலிக்குதுன்னு அம்மாகிட்ட பெருமையடிப்பா. லிஃப்ட் கம்பெனில வேலை பாக்கறேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வா.”

“என்கிட்ட அப்படிச் சொன்னதில்லையே.”

“உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? கூட வேலை பாக்கறவர்தானே நீங்க.”

அவர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீசில் யாருக்கும் தெரியாது என்று மெல்லச் சொன்னார். நான் சொல்லவே இல்லை என்றார். மச்சினனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துணியைப் பிழிந்தான், பிழிந்ததையே திரும்பப் பிழிந்தான். அக்கா அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை என்று ஆறுதலாகச் சொன்னான்.

“வருத்தப்பட்டிருந்தா தேவலை” என்றார்.

சனிக்கிழமை டயர் கடை மாடியில் நாற்காலிகள் போதாமல் கீழேயிருந்து இரண்டு பெரிய டயர்களை உருட்டிக்கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மொட்டை அதில் ஒன்றின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். மேனேஜர் கடைசியில். அவர் முதல் வாக்கியத்தை வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். இதெல்லாம் எனக்கு என் மனைவி சொல்லிக்கொடுத்தது. அதைச் சொல்லிவிட்டால் போதும், மற்றது தானாக வரும். வெள்ளைப் பலகையின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“இதெல்லாம் எனக்கு…” என்று ஆரம்பித்தார். எல்லா முகமும் நிமிர்ந்தது. “…அனுபவத்துல வந்தது” என்று முடித்தார்.

அதற்கப்புறம் வகுப்பு நன்றாக நடந்தது. அதுதான் கொடுமை. கழற்றின இடத்தில் அட்டை மாட்டுகிற விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ‘மெக்கானிக்ஸ் பேக்’ என்றால் மெக்கானிக்கினுடைய பை. உங்கள் ஸ்பேனரில் நீங்கள் பெயர் செதுக்குவதில்லையா, இது உன்னுடையது என்று காட்டுகிற அந்தக் கீறல்தான் இது என்றார். ஆனால் பத்து மெக்கானிக்குகள் வந்தார்கள் என்று சொல்வதற்கு எந்தக் கீறலும் வேண்டாம், ஆள் கூடுவதற்கு அட்டை எதற்கு என்றார். சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த வெல்டர் கையைத் தூக்கி, அப்படியானால் ‘அதனுடைய’ என்கிற ‘இட்ஸ்’ஸுக்கு மட்டும் ஏன் அது வேண்டாம் என்று கேட்டான். காரணம் கேட்காதே, ‘இட் இஸ்’ என்று விரித்துப் படித்துப் பார், அர்த்தம் வந்தால் போடு, வராவிட்டால் விடு என்றார். கெட்ட சேதியைச் சுருக்காதே என்றதும் மேனேஜர் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு வரியும் அவளுடையது. உதாரணம் அவளுடையது, சிரிப்பு வருகிற இடம் அவளுடையது. அவர் செய்ததெல்லாம் வாயைத் திறந்து மூடியதுதான்.

முடிவில் மேனேஜர் எழுந்து வந்து சூப்பர்வைசர் வேலையை அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

டீ குடிக்கும்போது மொட்டை அவர் பக்கத்தில் வந்து நின்றான். வழக்கமான குறும்பு முகத்தில் இல்லை.

“அண்ணிக்குக் கிடைச்சதுன்னு நினைச்சுக்கங்க அண்ணே.”

என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மொட்டை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“குழிக்குள்ள பேசினா கடைசி மாடி வரைக்கும் கேக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா லிஃப்ட் பாக்கறீங்க. நீங்க வேற கை அழுக்கா இருக்குன்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசுவீங்க. அண்ணி கேள்வி கேக்கறது, திட்டறது, எல்லாம் கேக்கும். மேல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்போம். மேல்கமா இன்னிக்கு என்ன சொல்லுதுன்னு கேப்போம்.”

“மேல்கமா…”

“உங்களை இல்லண்ணே. அவங்களை.”

மொட்டை கப்பின் விளிம்பைச் சுரண்டினான். நீங்களாக ஒருநாள் சொல்வீர்கள் என்றுதான் விட்டுவிட்டோம் என்றான். “அண்ணி காரியத்துக்கு வந்தப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சோம். எங்க ரிப்போர்ட்டையெல்லாம் திருத்திக் குடுத்தவங்க அவங்க. அதான் சைட்டை விட்டுட்டு எல்லாரும் வந்தோம்.”

அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. யூனிபாரமும் கிரீஸ் கையுமாக வாசலில் ஒரு கூட்டம். இவங்கள்லாம் யாரு என்று மகள் கேட்டாள். என் கூட வேலை பார்க்கிறவங்க, எனக்காக வந்திருக்காங்க என்று அவர் சொன்னார். சொல்லும்போது, அத்தனை துக்கத்திலும், கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

இவர்கள் சற்று முன் கைதட்டியதும் தெரிந்தேதான் தட்டினார்கள். அவர் அனுபவத்தில் வந்தது என்று சொன்னபோதும் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். கப்பைக் கீழே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். முழங்கால் மடங்க மறுத்தது. அதனால் நின்றுகொண்டே சொன்னார். நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் மறைத்தது, மொட்டை சொன்னதையும் சேர்த்து, மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

மேனேஜர், அப்படியானால் இப்போது யார் எழுதுகிறார்கள் என்று கேட்டார். அவளுடையதைத்தான் வெட்டி ஒட்டுகிறேன், அதனால்தான் குழந்தைகள் வந்தார்கள் என்றார். மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

“எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட மட்டும்தான் மறைச்சிருக்கீங்க.”

“எனக்குத்தான் மறைச்சேன்னு நெனப்பு மேடம். எல்லாருக்கும் தெரியும்னு எனக்கும் இப்பதான் தெரியும்.”

“சுருக்கமா எழுதறீங்கன்னு ஒரு நாள் சொன்னேனே.” மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். “அப்ப அவங்க…”

“ஆமாம் மேடம்.”

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவராகவே தொடர்ந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் ஆங்கிலத்தைத் திருத்த எனக்குத் தெரியாது, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். மேனேஜர் மறுத்துப் பேசுவார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. மேனேஜர் மறுக்கவில்லை. சரி என்றார். திங்கட்கிழமையிலிருந்து உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எழுதி என்னிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்றார். ‘அண்ணே’ என்று சொல்லவில்லை. அது மறதியா, கோபமா என்று அவர் வீடு வரும்வரை யோசித்தார்.

சூப்பர்வைசர் நாற்காலி, கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. அவர் குழிக்குத் திரும்பினார்.

இப்போது வேலை முடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் ஒரு விரலால் எழுதுகிறார். எதையும் சுருக்குவதில்லை. நல்ல சேதியையும் முழுசாகவே எழுதுகிறார், சுருக்கினால் அட்டையை எங்கே மாட்டுவது என்ற பயம். மேனேஜர் படித்துவிட்டு இரண்டு இடத்தைச் சுட்டி அனுப்புவார். அவர் ஸ்கூல் பையன் மாதிரி அதைத் திருத்தித் திரும்ப அனுப்புவார். யாரும் எதுவும் சொல்வதில்லை. மொட்டைக்குக்கூட அவர் இப்போது வெறும் ‘அண்ணே’தான்.

ஒரு பல் டாக்டரின் கட்டடத்தில் லிஃப்ட் கதவுக் கோளாறு. மூன்றாவது மாடியில் அவருடைய கிளினிக், கட்டடமும் அவருடையதே. இவர் சரிசெய்து, எழுதி, மேனேஜர் பார்த்து, அனுப்பியாயிற்று. பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையில் போன்.

“இதை நீங்களேவா எழுதினீங்க?”

“ஆமாங்க டாக்டர்.”

“தெரியுது” என்றார் டாக்டர். குத்தலாகச் சொல்லவில்லை, சொத்தைப் பல்லைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். “முன்னாடி ஒருத்தர் எழுதுவாரே, அவர் எங்கே? வேற எடத்துக்குப் போயிட்டாரா?”

எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரே பெயர்தான் இருந்தது. டாக்டர் அடியில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஆமாம், வேறு இடம் போய்விட்டார் என்று சொன்னால் அதோடு போய்விடும். பொய்யும் இல்லை. அவருக்கு முகம் காதுவரை சுட்டது.

“அது என் மனைவி, டாக்டர். பேரு என்னோடது, எழுதினது அவ. போன வருஷம் இறந்துட்டா.”

டாக்டர் அடடா என்றார். போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“நல்லா எழுதுவாங்க. ராத்திரி உக்காந்து படிப்பேன், சில சமயம் வீட்டுலகூடப் படிச்சுக் காட்டியிருக்கேன். ஒரு பொம்பளை வீட்டுல இருந்து எழுதறாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வரி பதில் போட்டிருப்பேனே. கம்பெனி எழுத்துதானேன்னு விட்டுட்டேன்.”

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் சரிசெய்த லிஃப்ட் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மூன்று பக்கமும் முகம் பார்க்கிற கண்ணாடி. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, படியில் இறங்க ஆரம்பித்தார்.